பதினோராம் வகுப்பு மகன் கையில் கலர் கயிறு, பஸ் ஸ்டாப்பில் அடிதடி: போலீஸை வைத்து ஒருமுறை மிரட்டி விடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மகன் திருநெல்வேலிப் பக்கம் பதினோராம் வகுப்பு படிக்கிறான். கொஞ்ச நாளாகக் கையில், சாதி அடையாளமாகப் பையன்கள் கட்டும் இரண்டு நிறக் கயிறு. போன வாரம் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாப்பில் பக்கத்து ஊர்ப் பையன்களோடு கைகலப்பு; சட்டை கிழிந்து வந்தவன் "ஒண்ணுமில்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டான். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். தெரிந்த ஏட்டையாவிடம் சொல்லி ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து மிரட்டலாமா, போனைப் பிடுங்கலாமா, ஹாஸ்டலில் போடலாமா என்று மூன்று வழி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மனதில் இருப்பது வேறு கேள்வி என்று படுகிறது: இவன் யாரையாவது வெட்டிவிடுவானோ, இல்லை இவனை யாராவது வெட்டிவிடுவார்களோ? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அந்த மூன்றுக்கு வருகிறேன். இளைஞர் நீதிக் குழுமத்துக்கு (பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களின் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) வரும் பையன்களோடும் அவர்களின் பெற்றோரோடும் பல வருடமாக வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகனைப் பார்க்காமல் அவன் எப்படிப்பட்டவன் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் மாட்டியிருக்கும் நிலைமை எப்படிப்பட்டது என்று சொல்லலாம்.

நிச்சயமாகத் தெரிந்தவை சில உண்டு. பல நாடுகளில் பல காலமாகப் பார்த்தாயிற்று: அடிதடியும் சட்டமீறலும் பதின்வயதின் பின்பகுதியில் உச்சத்துக்குப் போய், இருபதுகளின் நடுவில் தானாகவே இறங்கிவிடுகின்றன. பதினாறு வயதில் மல்லுக்கு நின்றவர்களில் பெரும்பாலோர் இருபத்தாறில் மளிகைக் கடைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் உங்கள் வேலை அவனை அடியோடு மாற்றுவது இல்லை. இந்த மூன்று நான்கு வருடத்தைத் திரும்பப் பெற முடியாத எதுவும் நடக்காமல் கடத்துவதுதான்.

இன்னொன்று, இந்த வயதில் சண்டை பெரும்பாலும் எதிராளிக்காக நடப்பதில்லை, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக நடக்கிறது. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். சிநேகிதர்கள் பக்கத்தில் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், தனியே ஆடியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. பஸ் ஸ்டாப் என்பது நாற்பது சிநேகிதர்கள் நிற்கும் இடம். இப்போது அந்த நாற்பது பேர் கையிலும் கேமரா.

காரணம் சின்னதாக இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு. வெளியே வந்த காரணம், பென்சில் தகராறு. அதற்கு முந்தைய மாதம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வு எழுதப் பஸ்ஸில் போன பதினோராம் வகுப்பு மாணவனை இறக்கி வெட்டியதில் கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்றவர்களின் ஆத்திரம், அதன் அடியில் சாதி என்று குடும்பத்தார் சொன்னார்கள். பென்சிலும் கபடியும் வெறும் திரி. முறைப்பு, ஒரு வார்த்தை, ஒரு தள்ளு, அதை யாரோ வீடியோ எடுப்பது, அன்று இரவே கறுப்புப் பின்னணியில் தேதி போட்டு ஒரு ஸ்டேட்டஸ், அதற்குப் பதில் ஸ்டேட்டஸ் என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியிலும் இறங்க வழி உண்டு. ஆனால் மேலே போகப் போக, இறங்குகிறவனுக்கு "பயந்துட்டான்" என்ற பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்குப் பயந்துதான் பையன்கள் கத்தி, அரிவாளை எடுக்கிறார்கள்.

ஆகவே முதலில், இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். "ஏன்ல சண்டை போட்ட?" என்று கேட்டால் பதில் வராது, அது விசாரணை. எதிரே உட்கார வைத்தும் கேட்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, பக்கத்தில் நின்று ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போதோ, தம்பி தங்கை இல்லாத நேரத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். யார் யாரை என்ன சொன்னார்கள்? அப்போது யாரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? அடுத்து என்ன நடக்கும் என்று பசங்க பேசிக்கொள்கிறார்கள்? மூன்றாவதுதான் முக்கியம். தன்னைப் பற்றிச் சொல்லாதவன்கூட "பசங்க" என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவான். "அவ்ளோதான், முடிஞ்சிட்டு" என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு இடம், ஒரு நாள், ஒரு பெயர் மூன்றும் சேர்ந்து வந்தால் அது வாய்ச்சவடால் இல்லை, ஸ்கெட்ச், அதாவது போட்டுவைத்த திட்டம். தினமும் போகும் வழியை மாற்றுவது, குறிப்பிட்ட பாட வேளையில் மட்டும் காணாமல் போவது, பையை யாரையும் தொடவிடாதது, படிப்பை முடித்த ஊர் அண்ணன்கள் இரண்டு பேர் திடீரென்று நெருக்கமாவது, இவையும் சேர்ந்தால் இன்னும் மோசம். இவன் அடி வாங்குகிற வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அடித்தவனைத்தான் எல்லோரும் கண்காணிக்கிறார்கள். அடுத்த சம்பவத்தைச் செய்வது பல நேரம் அடி வாங்கியவன், அல்லது அவனுக்காகக் கிளம்பும் அவன் செட்டு.

படி தெரிந்த பிறகு செய்ய வேண்டியது, மானம் போகாமல் இறங்க அவனுக்கு ஒரு சாக்கு தருவது. பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "எங்கம்மா சாயங்காலம் ஸ்டாப்புக்கே வந்து நிக்கா, மானத்த வாங்குதா" என்று அவன் சிநேகிதர்களிடம் சலித்துக்கொள்ளட்டும். அந்தச் சலிப்பு அவனுக்குக் கவசம். இரண்டு வாரத்துக்கு அவன் போகவர நேரத்தை மாற்றுங்கள்: முந்தைய பஸ் அல்லது அடுத்த பஸ், வேறு ஸ்டாப், முடிந்தால் யாராவது வண்டியில் கூட்டிவருவது. ஒரு சங்கேதம் வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நீங்கள் உடனே திருப்பி அழைத்து, பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும்படி "ஆச்சிக்கு முடியல, உடனே வா" என்று கத்த வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் பையன்கள் இதை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். கூட்டிவர அனுப்பும் ஆளைப் பார்த்து அனுப்புங்கள். தாய்மாமன் வந்து இறங்கியதும் "எவம்ல அவன்?" என்று கேட்கிற ரகம் என்றால், அவர் வராமல் இருப்பதே நல்லது. வீட்டில் வாழைக்கும் தேங்காய்க்கும் வைத்திருக்கும் அரிவாள், பாளைக்கத்தி எல்லாவற்றையும் எண்ணிப் பூட்டி வைத்துவிடுங்கள். ஆத்திரம் தணிய அவகாசம் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இருந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. பையில் ஏதாவது இருப்பதைக் கண்டால் எடுத்துவிட்டு, "யாரைப் பார்த்துப் பயப்படுத?" என்று கேளுங்கள். இந்த வயதில் கத்தி வைத்திருப்பவன் பல நேரம் பயத்தில்தான் வைத்திருப்பான். தன்னிடம் கத்தி இருக்கும் தைரியத்திலேயே, ஓடிவிட வேண்டிய இடத்தில் நின்றும் விடுவான்.

இனி உங்கள் மூன்று யோசனைகள். போலீஸ் மிரட்டல் வேண்டாம். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1970-களில் பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைக்கும் திட்டம் நியூஜெர்சியில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, மிரட்டப்பட்ட பையன்கள் எதுவுமே செய்யாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு: ஜீப்பில் ஏறியதும் ஸ்டேஷனில் உட்கார்ந்ததும் மறுநாளே கெத்தாகிவிடும். ஆனால் இதைப் போலீஸ் பக்கமே போகக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடம், நாள், பெயர் என்று குறிப்பான மிரட்டல் இருந்தால், அது உங்கள் மகன் செய்யப்போவதாக இருந்தாலும் அவனுக்கு நடக்கப்போவதாக இருந்தாலும், அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிடிபட்டால் பதினெட்டு வயதுக்குக் கீழான பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

"மைனர்தானே, ஒண்ணும் ஆகாது" என்று அவனிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பொய் என்று அவனுக்குத் தெரியட்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினாறு வயது நிறைந்தவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யும். அந்த வசனத்தைச் சொல்லிப் பையன்களை முன்னால் தள்ளும் அண்ணன்களுக்கும் அதே சட்டத்தின் 83-ஆம் பிரிவு இருக்கிறது: சிறாரைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம்.

போனைப் பிடுங்குவது அரைகுறை வழி. சண்டை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் ஜன்னலே அந்தப் போன்தான். பிடுங்கினால் சிநேகிதன் போனில் இருந்து பார்ப்பான், உங்களுக்குத்தான் எதுவும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அம்மா அறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸ் சண்டை ஏறுவது அந்த நேரத்தில்தான். சவால் ஸ்டேட்டஸ் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அவனையே அழிக்கச் சொல்லுங்கள். சினிமாவும் பாட்டும்தான் கெடுக்கின்றன என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். படம் பார்த்ததால் கத்தி எடுத்தான் என்பதற்கான சான்று பலவீனமானது. உள்ளே இருக்கும் பகைக்கு ஸ்டைலும் வசனமும் அங்கிருந்து வருகின்றன, அவ்வளவுதான். பாக்ஸ் கட்டிங் முடியைப் பள்ளி வாசலில் வெட்டிவிடுவதால் வன்முறை குறைந்ததாக எந்த ஆதாரமும் இல்லை, ஆனால் நம் பள்ளிகள் அதிகம் உழைப்பது அதற்குத்தான்.

ஹாஸ்டல், பாதி நல்ல யோசனை. பகை ஒரு பஸ் ரூட்டோடு கட்டுப்பட்டது என்றால், சித்தி வீட்டில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு வருவதே போதும், சூடு ஆறிவிடும். ஆனால் ஒரே மாதிரிப் பிரச்சினை உள்ள பையன்களை ஒன்றாகச் சேர்க்கும் இடமாகப் பார்த்துப் போட்டால் எதிர்விளைவு வரும். 1939-இல் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஊர்களில் 506 பையன்களை வைத்து ஒரு திட்டம் நடந்தது; பாதிப் பேருக்கு ஆலோசகர், கோடை முகாம் என்று நல்லதாகவே எல்லாம் செய்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் சில விதங்களில் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள் குறிப்பாக. ஒருவன் சொல்லும் வீரக் கதைக்கு மற்றவர்கள் சிரிக்கும் சிரிப்பே பயிற்சியாகிவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பள்ளியில் "பிரச்சினைப் பையன்களை" மட்டும் பொறுக்கி ஒரே அறையில் கவுன்சலிங் வைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

பலன் தந்ததும் உண்டு. சிகாகோவில் "ஆணாக ஆவது" என்ற பொருள்படும் பெயரில் வாரம் ஒரு வகுப்பு நேரம் நடத்தப்படும் திட்டத்தை, யாரைச் சேர்ப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. முடிந்த பிறகும் கைதுகள் குறைந்தே இருந்தன என்று காட்ட முடியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அதன் முதல் பயிற்சியை நீங்கள் நாளைக்கே செய்து பார்க்கலாம். இருவரில் ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். மற்றவன் முப்பது விநாடியில் அதை வாங்க வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் கையை முறுக்கிக் கட்டிப் புரள்வார்கள். முடிந்ததும், "அதைக் கொடு என்று கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை?" என்பார்கள். கொடுத்திருக்க மாட்டான் என்பான் இவன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்பான் அவன். எதிராளி மனதில் என்ன இருக்கிறது என்று தானாக ஒன்றை நினைத்துக்கொள்வது, அதைச் சரிபார்க்காமல் கை ஓங்குவது, இந்த ஒரு இடைவெளியில்தான் அந்தத் திட்டம் முழுவதும் வேலை செய்கிறது.

பள்ளிக்குப் போகும்போது கவனம் தேவை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது அவனோடு படித்த பையன்கள். துன்புறுத்தலைப் பற்றிப் பள்ளியில் அவன் சொன்ன பிறகு நடந்தது அது. ஆக, புகார் போன பிறகு வரும் இரவுகள்தான் ஆபத்தானவை. தலைமையாசிரியரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: சொன்னது யார் என்பது வெளியே போகக் கூடாது, இரு தரப்பையும் எடுத்த எடுப்பில் ஒரே அறையில் நிறுத்திச் சமாதானம் பேசக் கூடாது, முதலில் தனித்தனியாக, பிரேயரில் எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்க வைக்கக் கூடாது, பள்ளி விட்ட பிறகு முக்கால் மணி நேரம் ஸ்டாப்பில் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். பிரேயரில் மன்னிப்புக் கேட்க வைப்பதைத்தான் பல பள்ளிகள் நல்லது என்று நினைத்துச் செய்கின்றன. பார்வையாளர் முன்னால் குனிய வைக்கப்பட்டவன், அதே பார்வையாளர் முன்னால் நிமிர்ந்து காட்டத்தான் வழி தேடுவான். பள்ளியில் பிரம்பைக் கைவிட்டதால்தான் இப்படி என்று ஒரு ஆசிரியராவது சொல்வார். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுகிறது என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டமும் தடை செய்திருக்கிறது.

கடைசியாக அந்தக் கயிறு. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. பள்ளி முழுவதும் எல்லோருக்கும் ஒரே நாளில் என்றால் அது வேலை செய்யும். நீங்கள் இவன் கையில் இருப்பதை மட்டும் அறுத்தால், காலையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஸ்டாப்பில் கட்டிக்கொள்வான். யார் கட்டிவிட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெரியவர் கையில் போய் முடியும்: கோவில் கொடை விழா, குருபூஜை, ஊர் சங்கம். அந்தப் பெரியவரிடம் பேச வேண்டியது நீங்கள், அவன் இல்லை. வீட்டில் சாப்பிடும்போது "அவனுவ" என்று தொடங்கும் பேச்சு உண்டா என்றும் பாருங்கள். நீங்கள் எந்தத் தரப்பு என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒடுக்கப்படும் தரப்பு என்றால் நிலைமையே வேறு. அப்போது அவன் கயிறு வீம்பாக இல்லாமல் பயமாக இருக்கலாம். பட்டியலினப் பையனை மற்றவர்கள் பொது இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டியதும் அடித்ததும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். "பசங்க சண்டை" என்று பள்ளியோ ஊரோ அமுக்கப் பார்த்தால் விடாதீர்கள். மறு தரப்பு என்றால், அவன் கட்டியிருப்பது எதிரே நிற்பவனுக்கு என்ன சொல்கிறது என்பதை வீட்டில் யாராவது ஒருவர் அவனுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் அமைதியாகப் போனாலும் காலண்டரில் சில நாட்களைக் குறித்து வையுங்கள்: இரண்டு ஊருக்கும் பொதுவான கோவில் கொடை, தலைவர்கள் பிறந்தநாள் ஊர்வலம், கபடி டோர்னமென்ட், கடைசிப் பரீட்சை நாள். பழைய பாக்கி தீர்க்கப்படுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். கடைசிப் பரீட்சை அன்று அவன் வெளியே வரும்போது வாசலில் உங்கள் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். அதையும் முதல் நாள் இரவே அவனிடம் சொல்லிவிடுங்கள், அவன் சிநேகிதர்களுக்கு முன்கூட்டியே சாக்குச் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும்.